மூன்றாம் கியர்

விலை சொல்லவில்லை. சாவியைத்தான் முதலில் கொடுத்தேன்.
உட்துறைமுகத்தில் மாக்கப்பல் ஒன்று ஊதிக்கொண்டிருந்த நேரம்
சித்தி ரிஃபாயா ஏறி உட்கார்ந்தாள்.
கிண்ணியாவில் சாப்பாட்டுக் கடை.
உவர்மலைக் கந்தோர்களுக்கு
நாளுக்கு நூற்றெண்பது பார்சல்.
"இருக்கை சுடுது" என்றாள்.
எஞ்சின் அதற்குக் கீழேதான்.
மாரிக்கு நல்லது என்றேன்.

எண்பத்தாறாம் ஆண்டு மிட்சுபிசி எல் முந்நூறு.
மூக்கில் மூன்று வைரம், ஒன்றின் முனை இல்லை.
திருக்கோணமலைக்காரனுக்குக்
கோணத்தில் குறை வந்தால் கண் உறுத்தும்,
இருந்தும் பதினொரு வருசம் நான் திருத்தவில்லை.

புத்தகத்தில் பெயர் ஐந்து.
முதலாமவர், நிலாவெளி ஹோட்டல்காரர்:
எண்ணெய் பார், தண்ணி பார், வேறொன்றும் கேளாது.
அடுத்தவர்: சூடேற விட்டாயோ, ஹெட் வெடிக்கும்,
பிறகு அழுது பயனில்லை.
மூதூர் மரக்கறி யாவாரி,
பாலம் வருமுன் பாதையில் ஏற்றி இறக்கியவர்,
விற்ற பிறகும் வழியில் மறித்து
கோர்ன் சத்தம் மாறிப்போச்சு என்று சண்டைக்கு வருவார்.
நாலாவது பெயரை மழை தின்றுவிட்டது.
ஐந்தாவது நான்.

சீனக்குடாப் பக்கம் விட்டாள்.
பற்றைக்குள்ளே எண்ணெய்த் தாங்கிகள்
கறுத்துப் பெருத்துக் கிடந்தன.
விற்கிறவன் வாய் மூடியிருக்கக் கூடாது.
இந்தக் கம்பனி கப்பல் ஓட்டித் தொடங்கினது, தெரியுமோ?
முதல் கார் செய்து
இருபத்திரண்டோடு நிறுத்தினது.
பிறகு விமானம்.
நாற்பத்திரண்டு சித்திரையில் இந்த வானத்துக்கு வந்த
ஸீரோ இவர்கள் செய்தது.
தாங்கி ஒன்று நாள்க்கணக்கில் எரிந்ததாம்.

"அப்ப, குண்டு போட்டது இதுதானோ?"
ஸ்டியரிங்கைத் தட்டினாள்.
ஸீரோ துணைக்கு வந்தது, குண்டு வேறு கம்பனி விமானம் என்றேன்,
மச்சானுக்குப் பிணை நிற்கிறவன் போல.

போர் முடிய விமானம் செய்த கைகள்
ஸ்கூட்டர் செய்தன.
பெயர் வெள்ளிப் புறா.
"எங்கட போர் முடிய எங்களுக்கு வந்தது
லீசிங் கம்பனி" என்றாள். 
இதற்கும் லீசிங் இருக்கோ?
இல்லை. அது உண்மை.

ஒன்றை விட்டுவிட்டேன்.
வண்டிக்காரர் எழுதிய முறைப்பாடுகளை
அதே கம்பனி ஒளித்து வைத்திருந்தது,
அலுமாரிக்குள், இருபது வருசத்துக்கு மேல்.
இரண்டாயிரமாம் ஆண்டு பிடிபட்டது.
இதை நான் வாசித்தது பழைய பேப்பரில்,
வாழைப்பழம் சுற்றி வந்தது.
வண்டியைச் சுற்றி விற்கும்போது ஏன் அவிழ்ப்பான்?

கரையில் நிறுத்தி இறங்கினாள்.
கேட்காமலே கால்மிதியைத் தூக்கினாள்.
உப்புத் தின்ற தகடு.
உள்ளங்கை அகல ஓட்டைக்குள்ளே
தார் ரோட்டும் ஒரு நண்டும்.

மீன் பெட்டி ஏற்றினதால் என்று இழுத்தேன்.
"தெரிஞ்சுதான் வந்த நான்.
என்ட காக்காதான் இந்த வானைக் கழுவுறவர்.
ஐம்பதைக் குறைங்க."

குறைத்தேன்.
வெளிச்சத்துக்கு வந்துவிட்ட ஒரு பொய்
மனிசனை எவ்வளவு நல்லவனாக்குகிறது.
எண்ணிப் பார்க்காமலே காசை வாங்கினேன்.
ஸ்பெயர் வீல் இலவசம் என்றேன்.
சைக்கிள்காரன் ஒருவனை மறித்து
அவளுக்கு வழிகூட எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் கியரைப் பற்றி அவள் கேட்கவில்லை.
சமதரையில் ஒரு குற்றமும் காட்டாது.
சூடேறி, சுமையோடு, மேட்டில் மட்டும் நழுவும்.
இடக்கையால் அழுத்திப் பிடித்திருக்க வேணும்.
எனக்கு அது குறை என்றே மறந்துபோச்சு,
கை பழகிவிட்டது.

காசு அலுமாரிக்குள் இருக்கிறது.
என் வீடு உவர்மலை ஏற்றத்தில்.
பகல் பதினொன்றரைக்கு
ஏதாவது ஒரு வாகனம் கீழே முனகத் தொடங்கினால்
கையில் பிசைந்த சோறு அப்படியே நிற்கிறது.
இரண்டு.
இப்போது மாற்றுவாள்.